மியூசின் மரபணுக்களை அடைப்பது எது? புற்றுச் செல்களின் எபிஜெனெடிக் கட்டுப்பாடும் ஓசூர் எல்லைப் பகுதியும்

1. மியூசின்களும் புற்றும்

எபிதீலியச் செல்கள் தயாரிக்கும், சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்த பெரும் புரதங்களுக்கு மியூசின்கள் என்று பெயர். எச்சிலின் வழுவழுப்பு, இரைப்பையை அதன் சொந்த அமிலத்திடமிருந்தே காக்கும் படலம், மூச்சுக்குழலில் தூசியைப் பிடித்து நிறுத்தும் கோழை, பெருங்குடலில் பாக்டீரியாக்களைச் செல்லின் அருகில் அண்டவிடாத அடுக்கு எல்லாம் இவற்றால் ஆனவை. மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ இருபது மியூசின் மரபணுக்கள் உள்ளன. இவற்றை இரண்டு பிரிவாகப் பார்ப்பது வழக்கம். செல்லுக்கு வெளியே சுரந்து கூழ்மமாகப் பரவுபவை ஒன்று. செல்லின் சவ்வில் வேர்விட்டு வெளியே நீண்டு நிற்பவை மற்றொன்று. முதல் பிரிவைச் சேர்ந்த எம்யூசி2, எம்யூசி5ஏசி, எம்யூசி5பி, எம்யூசி6 ஆகிய நான்கும் 11ஆம் குரோமோசோமின் குறுங்கையில், 15ஆம் பட்டையில், அடுத்தடுத்து அமைந்துள்ளன. எம்யூசி1, எம்யூசி4, எம்யூசி16 ஆகியவை இரண்டாம் பிரிவு.

பொதுவாசகர் இவற்றைப் பெயர் தெரியாமலே அறிவார். சூலகக் கட்டிக்காகச் செய்யப்படும் 'சிஏ-125' ரத்தப் பரிசோதனை அளப்பது எம்யூசி16 புரதத்தை. மார்பகப் புற்றின் தொடர் கண்காணிப்பில் வரும் 'சிஏ 15-3' எம்யூசி1 புரதத்தின் உதிர்ந்த பகுதி. கணையப் புற்றில் பார்க்கப்படும் 'சிஏ 19-9' பெரும்பாலும் மியூசின்கள் சுமந்து நிற்கும் ஒரு சர்க்கரை அமைப்பு. ஆய்வகச் சீட்டில் எண்ணாக வந்து சேரும் இவை அனைத்தும், புற்றுச் செல் தன் மியூசின் உற்பத்தியைத் தாறுமாறாக்கிவிட்டது என்பதற்கான அடையாளங்கள்.

தாறுமாறு என்பது ஒரே திசையில் நடப்பதில்லை என்பதிலிருந்துதான் ஆய்வின் சிக்கல் தொடங்குகிறது. பெருங்குடற் புற்றின் பெரும்பாலான வகைகளில் எம்யூசி2 மறைகிறது. இரைப்பையில், அது இருக்கவே கூடாத இடத்தில், அதே எம்யூசி2 தோன்றுகிறது. கணையத்தின் இயல்பான திசுவில் காணப்படாத எம்யூசி4 கணையப் புற்றில் தலைகாட்டுகிறது. இந்த மாற்றங்களில் பலவற்றை மரபணுவின் எழுத்து வரிசையில் நேர்ந்த பிழையைக் கொண்டு விளக்க முடியாது. மரபணு அப்படியே இருக்க, அதை வாசிப்பதும் வாசிக்காமல் விடுவதும் மட்டுமே மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை நடத்துவது எபிஜெனெடிக் அடையாளங்களா, அல்லது வேறு காரணங்களால் நடந்துமுடிந்த மாற்றத்தின் தடங்கள்தாம் அந்த அடையாளங்களா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. அதை ஓசூர் எல்லைப் பகுதியில் எப்படிச் சோதிக்கலாம் என்பது இறுதியில் வரும்.

2. இரண்டு வகை அடையாளங்கள்

டி.என்.ஏ.வில் சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்கள் 'சிபிஜி' எனப்படும். அங்குள்ள சைட்டோசின் மீது டிஎன்எம்டி என்னும் நொதிகள் ஒரு மெத்தில் தொகுதியை ஏற்றுகின்றன. மரபணுவின் வாசிப்பு தொடங்கும் இடத்தை ஒட்டிய தொடக்கிப் பகுதியில் இவ்வாறு மெத்திலேற்றம் கூடினால், வாசிப்பைத் தொடங்கிவைக்கும் புரதங்கள் அங்கே அமர்வது தடைபடுகிறது. இரண்டாவது அடையாளம் டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மீது அமைகிறது. ஹெச்3 ஹிஸ்டோனின் 9ஆம் இடத்திலுள்ள லைசினில் அசிட்டைல் தொகுதி இருந்தால் சுருள் தளர்ந்து மரபணு வாசிப்புக்குத் திறக்கிறது. அதே இடத்தில் மெத்தில் தொகுதி ஏறினால் சுருள் இறுகுகிறது. அசிட்டைலை அகற்றும் ஹெச்டிஏசி நொதிகளும் டிஎன்எம்டி நொதிகளும் பல நேரங்களில் ஒரே கூட்டணியில் இயங்குகின்றன. நுண் ஆர்.என்.ஏ.க்கள் மூன்றாவது வகை. மைஆர்-145 எம்யூசி1இன் செய்தி ஆர்.என்.ஏ.வையும், மைஆர்-150 எம்யூசி4இன் செய்தி ஆர்.என்.ஏ.வையும் தணிக்கின்றன. இவை வாசிப்புக்குப் பின் நடப்பவை என்பதால் இங்கே விரிவாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

மெத்திலேற்றத்தை வாசிக்கும் முறை எளிய வேதியியல் தந்திரம் ஒன்றில் நிற்கிறது. டி.என்.ஏ.வைச் சோடியம் பைசல்பைட்டில் ஊறவைத்தால் வெற்றுச் சைட்டோசின் யுராசிலாக மாறிவிடும். மெத்திலேறிய சைட்டோசின் மாறாது. பிறகு பி.சி.ஆர். செய்து எழுத்து வரிசையைப் படிக்கும்போது, 'சி' என்று நின்றிருந்தால் அங்கே மெத்தில் இருந்தது, 'டி' என்று வந்தால் இல்லை. ஒரே தொடக்கிப் பகுதியில் ஒன்பது சிபிஜி இடங்களில் எட்டு 'டி' ஆகி ஒன்று மட்டும் 'சி'யாக நிற்கும் வரிசையையும், ஒன்பதும் 'சி'யாக நிற்கும் வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இத்துறையின் அன்றாட வேலை. வாசிப்பு கூர்மையானது. ஆனால் அது ஒரு கணத்தின் நிலையைத்தான் சொல்கிறது. அந்த நிலைக்கு எது காரணம் என்பதை வேறு சோதனைதான் சொல்லவேண்டும்.

3. எம்யூசி2: வலுவான சாட்சியும் அதன் ஓட்டையும்

இருக்கும் ஆதாரங்களில் எம்யூசி2 பற்றியவையே வலுவானவை. பெருங்குடலின் கிண்ணச் செல்கள் சுரக்கும் இம்மியூசின் இல்லாத எலிகளுக்குக் குடற்புற்று வருகிறது என்பதை 2002இல் வெல்சிச் குழுவினர் 'சயன்ஸ்' இதழில் காட்டினர். 2008இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள், இம்மியூசினால் ஆன உள்ளடுக்கில் பாக்டீரியாக்கள் நுழைவதில்லை என்பதைக் காட்டினர். ஆகவே எம்யூசி2 அணைவது ஒப்பனைக் குறை இல்லை, காவல் போவதே.

அணைப்பது எது? பிரான்சின் லில் நகரில் இசபெல் வான் சொனிங்கன் குழு 2007இல் 'ஆன்கோஜீன்' இதழில் வெளியிட்ட ஆய்வு, 11ஆம் குரோமோசோமின் நான்கு மரபணுக்களையும் ஒருசேரச் சோதித்தது. எம்யூசி2 குறிப்பிட்ட சில சிபிஜி இடங்களின் மெத்திலேற்றத்தாலும் அடைக்கும் ஹிஸ்டோன் அடையாளங்களாலும் கட்டுப்படுகிறது. எம்யூசி5பி தொடக்கிப் பகுதி முழுக்க மெத்திலேறி அணைகிறது. எம்யூசி5ஏசி மீது எபிஜெனெடிக் வழிகளுக்கு அரிதாகவே பிடிப்பு இருக்கிறது. எம்யூசி6இன் மெத்திலேற்றத்துக்கும் அதன் அணைவுக்கும் தொடர்பே தென்படவில்லை. ஒரே வட்டாரத்தில் தோளோடு தோள் நிற்கும் நான்கு மரபணுக்களுக்கு நான்கு வேறு விதிகள். 'புற்றில் மெத்திலேற்றம் மியூசின்களை அணைக்கிறது' என்று பாடநூல் எளிமையோடு எழுதப்படும் வாக்கியத்தை இந்த ஒரு முடிவே உடைத்துவிடுகிறது.

அக்குழு டிஎன்எம்டி1 நொதியை ஆர்.என்.ஏ. குறுக்கீட்டால் குறைத்துப் பார்த்தபோது எம்யூசி2, எம்யூசி5பி உற்பத்தி மாறியது. ஹெச்டிஏசி2 அதற்குத் துணைசெய்தது. மருந்தை ஊற்றிப் பார்ப்பதைவிட இச்சோதனை ஒருபடி மேல். 5-அசாடிஆக்சிசைட்டிடின் என்னும் மருந்து செல்லின் எல்லா மரபணுக்களிலும் மெத்திலை உதிர்ப்பதால், அணைந்திருந்த எம்யூசி2 விளக்குபோல மீண்டும் எரிந்ததற்கு எம்யூசி2 மீதிருந்த மெத்தில் போனதுதான் காரணமா, அதை இயக்கும் வேறொரு மரபணு விழித்துக்கொண்டதா என்று பிரித்தறிய முடியாது. இத்துறையின் பல கட்டுரைகள் இந்த ஒரே மருந்தின் மீது நிற்கின்றன என்பதை வாசகர் மறக்கலாகாது.

இரைப்பைச் சாட்சி கதையை இன்னும் முறுக்குகிறது. போர்ச்சுக்கலின் போர்ட்டோ குழு 2003இல் இரண்டு வெவ்வேறு முடிவுகளை வெளியிட்டது. மியூசின் மிகுந்த இரைப்பைப் புற்றுகளில் எம்யூசி2 தொடக்கிப் பகுதியின் குறிப்பிட்ட இடங்கள் மெத்தில் இழந்திருப்பது ஒன்று. சிடிஎக்ஸ்2 என்னும் குடல்சார் புரதம் நேரடியாக எம்யூசி2 மரபணுவைப் பிடித்து இயக்குவது மற்றொன்று. இரைப்பைச் செல் குடற்செல்லின் சாயலை ஏற்கும்போது சிடிஎக்ஸ்2 வருகிறது, எம்யூசி2 எரிகிறது. அப்படியானால் மெத்தில் உதிர்வது முதற்படியா, சிடிஎக்ஸ்2 வந்து அமர்ந்ததன் விளைவா? பெருங்குடலிலும் இதே ஐயம் எழுகிறது. புற்றுச் செல் கிண்ணச் செல்லாகும் இயல்பையே கைவிட்டிருந்தால், எம்யூசி2 மெத்திலேறியிருப்பது அந்தக் கைவிடலின் பதிவாக மட்டும் இருக்கலாம். ஹெச்டி-29 என்னும் பெருங்குடற் புற்றுச் செல்வரிசையை மெத்தோட்ரெக்சேட் மருந்துக்குப் பழக்கியபோது, அதிலிருந்து சளி சுரக்கும் செல்கள் நிலையாக உருவாயின என்று 1990இல் லெசுஃப்ளர் குழு காட்டியது. செல்லின் அடையாளமே பெயர்ந்துவிட்டது. மியூசின் அதன் பின்னால் வந்தது.

4. சவ்வு மியூசின்கள்: ககோஷிமாவின் வரைபடம்

எம்யூசி1, எம்யூசி4 ஆகியவை காவலர்களாகத் தொடங்கிப் புற்றின் கூட்டாளிகளாக மாறுபவை. செல்லுக்குச் செல் ஒட்டாமல் பிரிவதற்கும், வளர்ச்சிச் சைகைகள் ஓங்குவதற்கும், நோயெதிர்ப்பின் கண்ணிலிருந்து தப்புவதற்கும் துணைநிற்கின்றன. ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் சுகுரு யோனெசாவாவும் நொரிஷிகே யமதாவும் இவற்றின் எபிஜெனெடிக் வரைபடத்தைப் பொறுமையோடு வரைந்தனர். 2008இல் எம்யூசி1, 2009இல் எம்யூசி4 குறித்து அவர்கள் வெளியிட்டவற்றின் சாரம் ஒன்றே: புரதம் சுரக்காத செல்வரிசைகளில் தொடக்கிப் பகுதியின் குறிப்பிட்ட சிபிஜி இடங்கள் மெத்திலேறி, ஹெச்3இன் 9ஆம் இட லைசினும் அடைப்பு நிலையில் இருக்கிறது, சுரக்கும் செல்வரிசைகளில் இவ்விரண்டும் திறந்திருக்கின்றன. லில் குழு 2008இல் எம்யூசி4 விஷயத்தில் டிஎன்எம்டி3ஏ, டிஎன்எம்டி3பி, ஹெச்டிஏசி1, ஹெச்டிஏசி3 ஆகிய நொதிகளின் பங்கைச் சுட்டியது. இரண்டு ஆய்வகங்கள், இரண்டு கண்டங்கள், ஒத்துப்போகும் முடிவு. இந்த உடன்பாட்டுக்கு எடை உண்டு.

ககோஷிமா குழு இதை நோயாளியின் திசுவுக்கும் கொண்டுசென்றது. 2016இல் யோகோயாமாவும் உடனுழைத்தோரும், கணையக் குழாய்ப் புற்றில் எம்யூசி1, எம்யூசி4 தொடக்கிகள் மெத்தில் இழந்திருப்பது நோயாளியின் வாழ்நாள் குறைவோடு சேர்ந்து வருவதைக் காட்டினர். இங்கே மெத்திலேற்றம் முன்கணிப்புக் குறியாகிறது. குறியாவதும் காரணமாவதும் ஒன்றில்லை. ஆனால் மருத்துவப் பயன் என்ற அளவில் குறியே போதுமான இடங்கள் உண்டு.

இவ்வாய்வுகளின் பலவீனம் அவற்றின் கச்சாப்பொருளில் இருக்கிறது. ஹெச்டி-29, காகோ-2, பாங்க்-1 போன்ற செல்வரிசைகள் 1960களிலும் 70களிலும் நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்டு நெடுங்காலமாகப் பிளாஸ்டிக் தட்டில் வளர்பவை. நீண்ட வளர்ப்பில் மெத்திலேற்றம் தானாகவே கூடும். தட்டு நிரம்பும் முன் எடுத்த செல்லுக்கும் நிரம்பிய பின் எடுத்த செல்லுக்குமே மியூசின் நிலை மாறுகிறது என்பதை லில் குழு தன் சோதனையிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டது. பலர் அவ்வளவு கவனம் எடுப்பதில்லை.

சிகிச்சை குறித்த உற்சாகத்துக்கும் இங்கே ஒரு கடிவாளம் தேவை. டெசிட்டபின் என்ற பெயரில் 5-அசாடிஆக்சிசைட்டிடினுக்கு 2006இல் அமெரிக்காவில் ரத்த உற்பத்திக் கோளாறு ஒன்றுக்காக அனுமதி கிடைத்தது. அதே மருந்தைத் திடக் கட்டிகளுக்குக் கொடுத்தால் காவல் மியூசினான எம்யூசி2 திரும்பலாம் என்று வாதிடுவோர், அதே வீச்சில் எம்யூசி4உம் அவிழலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எது அவிழும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் திறன் அம்மருந்துக்கு இல்லை.

5. அம்பு திரும்பும் இடம்

இதுவரை கூறியவை அனைத்தும் ஒரு முன்முடிவின் மேல் நிற்கின்றன: எபிஜெனெடிக் நொதிகள் ஆள்பவை, மியூசின் மரபணுக்கள் ஆளப்படுபவை. பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தில் டொனால்ட் கூஃப் நடத்திய ஆய்வுகள் இதைத் தலைகீழாக்குகின்றன. எம்யூசி1 புரதம் இரண்டு துண்டாகப் பிளந்து ஒட்டிக்கொண்டிருப்பது. வெளித்துண்டு உதிர்ந்தபின் எஞ்சும் எம்யூசி1-சி என்னும் துண்டு செல்லின் உட்கருவுக்குள் சென்று, என்எஃப்-கேபி என்னும் அழற்சிப் பாதையோடு சேர்ந்து, டிஎன்எம்டி1, டிஎன்எம்டி3பி ஆகிய நொதிகளின் உற்பத்தியையே தூண்டுகிறது என்று ரஜாபியும் கூஃபும் 2016இல் 'ஆன்கோஜீன்' இதழில் எழுதினர். அதன் விளைவாக, கட்டியை அடக்கும் மரபணுக்கள் மெத்திலேறி அணைகின்றன. அடுத்த ஆண்டு ஹிஸ்டோனை மெத்திலேற்றும் இஇசட்ஹெச்2 நொதிக்கும் இதே தொடர்பைக் காட்டினர்.

இம்முடிவுகள் நிற்குமானால், 'மெத்திலேற்றம் மியூசினை ஆள்கிறதா' என்ற கேள்வியே குறையுடையது. எம்யூசி1 தன் தொடக்கியில் மெத்திலை இழந்து எரிகிறது. எரிந்தபின் மற்ற மரபணுக்கள் மீது மெத்திலை ஏற்றும் நொதிகளைப் பெருக்குகிறது. கட்டுப்பாடு ஒரு வளையம். அந்த வளையத்தின் எந்த இடத்தில் ஆய்வாளர் நுழைகிறாரோ அதுவே காரணமாகத் தெரியும். எம்யூசி2, எம்யூசி5பி ஆகியவற்றில் டிஎன்எம்டி1இன் நேரடிப் பங்கு நிறுவப்பட்டிருப்பதால் அங்கே 'கட்டுப்பாடு' என்ற சொல் பொருந்தும். எம்யூசி6இல் பொருந்தாது. எம்யூசி1இல் அச்சொல்லை இரு திசையிலும் படிக்க வேண்டும். கிடைக்கும் ஆதாரம் இந்த அளவுக்குத்தான் இடம்கொடுக்கிறது.

கூஃபின் முடிவுகளில் பெரும்பகுதி ஒரே ஆய்வகத்திலிருந்தும் அங்கு உருவான ஒரே தடுப்பு மூலக்கூறைப் பயன்படுத்தியும் வருகிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

6. புகையிலை, கணையம், தென்னிந்தியா

மெத்திலேற்றத்தின் தயவே இல்லாமல் மியூசின் உயரும் வழியும் உண்டு. அமெரிக்காவின் ஒமாகா நகரில் நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் இந்திய வம்சாவளி அறிவியலாளர் சுரிந்தர் பத்ரா நடத்தும் ஆய்வகம் எம்யூசி4ஐ இரண்டு பத்தாண்டுகளுக்கு மேலாகப் பின்தொடர்கிறது. 2001இல் அக்குழு, கணையப் புற்றுத் திசுக்களில் பெரும்பாலானவற்றில் எம்யூசி4 இருப்பதையும், இயல்பான கணையத்திலும் நாட்பட்ட கணைய அழற்சியிலும் அது காணப்படாததையும் வெளியிட்டது. 2013இல் மோமியும் பத்ராவும், நிக்கோட்டின் கணையப் புற்றுச் செல்லின் ஆல்ஃபா-7 ஏற்பியைப் பிடித்து, ஸ்டாட்3 உள்ளிட்ட சைகைப் பாதைகள் வழியாக எம்யூசி4ஐ உயர்த்திப் புற்றுப் பரவலைத் தூண்டுவதைக் காட்டினர். இங்கே சைகை வந்த உடனே மரபணு ஓங்குகிறது. மெத்தில் ஏறி இறங்கும் நெடுங்கணக்கு தேவைப்படவில்லை. ஆனால் தொடக்கி ஏற்கெனவே முழுக்க அடைபட்டிருந்தால் ஸ்டாட்3 வந்து தட்டியும் பயனில்லை. எபிஜெனெடிக் நிலை 'முடியுமா' என்பதையும், சைகை 'எவ்வளவு' என்பதையும் தீர்மானிப்பதாகக் கொண்டால் இரு தொகுதி முடிவுகளும் மோதாமல் நிற்கின்றன.

2001ஆம் ஆண்டு முடிவுக்குத் தென்னிந்தியாவில் தனிப் பொருத்தம் உண்டு. கேரளம், தமிழகம் உள்ளிட்ட வெப்பமண்டலப் பகுதிகளில் மதுப் பழக்கம் இல்லாத இளவயதினரிடமே கணையத்தில் கற்கள் நிறைந்து, வயிற்றுவலியும் பின்னர் நீரிழிவும் வரும் நோய் ஒன்று நெடுநாளாக அறியப்பட்டது. கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸ் இதை விரிவாகப் பதிவுசெய்தார். சென்னையில் வி. மோகன், அவரோடு சாரி, பிச்சுமணி ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயாளிகள் 185 பேரைச் சராசரியாக 4.5 ஆண்டுகள் தொடர்ந்தபோது நேர்ந்த 24 இறப்புகளில் 6 கணையப் புற்றால் ஆனவை. எதிர்பார்ப்பதைவிடச் சுமார் நூறு மடங்கு ஆபத்து என்று கணக்கிட்டனர். அழற்சியில் இல்லாத, புற்றில் மட்டும் தோன்றும் எம்யூசி4ஐப் போன்ற ஒரு குறியால் மிகுதியாகப் பயன்பெறக்கூடியவர்கள் இவர்கள்தாம். பல ஆண்டு அழற்சியால் வடுவேறி, ஸ்கேன் படத்தில் கட்டியையும் வடுவையும் பிரித்தறிய முடியாத கணையத்தில், கணையச் சாற்றிலிருந்து எம்யூசி4 தொடக்கியின் மெத்தில் நிலையைப் படிப்பது மருத்துவருக்குப் பெரும் உதவி. அத்தகைய சாற்றுச் சோதனையைக் ககோஷிமா குழு ஜப்பானிய நோயாளிகளிடம் முயன்றிருக்கிறது.

இரைப்பைப் புற்றும் இவ்வட்டாரத்துக்கு அந்நியமில்லை. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் கீழ் 1982இல் தொடங்கிய சென்னை, பெங்களூரு பதிவேடுகள் இரண்டிலும் ஆண்களிடம் முன்வரிசையில் இருந்துவந்த புற்று அது. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் கஜலட்சுமியும் வி. சாந்தாவும் 1996இலேயே உணவு, பழக்கவழக்கங்களோடு அதற்குள்ள தொடர்பை ஆராய்ந்தனர். ஹெலிகோபாக்டர் பாக்டீரியா தொற்றிய இரைப்பையில் புற்று வரும் முன்பே மெத்திலேற்றம் கூடியிருக்கிறது என்று 2006இல் ஜப்பானின் உஷிஜிமா குழு காட்டியதையும் சேர்த்து வைத்தால், மியூசின் மாற்றத்தைப் புற்றுக்கு முந்தைய கட்டத்திலேயே தேடவேண்டிய இடம் இரைப்பைதான்.

7. ஓசூர்–கிருஷ்ணகிரி: ஆய்வுக்களமாக ஓர் எல்லை

2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், பெங்களூருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் ஓசூர் இருக்கிறது. 1970களில் சிப்காட் வளாகம் தொடங்கியபின் வாகனம், கைக்கடிகாரம், உலோக உதிரிப்பாகம், மருந்து என ஆலைகள் பெருகின. மாவட்டத்தின் பிற பகுதிகளில் கிரானைட் குவாரிகளும் மாங்கூழ் ஆலைகளும். மேலே கண்ட ஆய்வுகளின் கோணத்திலிருந்து பார்த்தால் இவ்வட்டாரத்தில் மூன்று வெளிப்பாடுகள் கவனத்துக்குரியவை.

முதலாவது மெல்லும் புகையிலை. குட்காவையும் பான் மசாலாவையும் தமிழக அரசு 2013இல் தடைசெய்தது. பெங்களூருப் பக்கமிருந்து வந்த சரக்கு ஜுஜுவாடி சோதனைச்சாவடியிலோ ஓசூர் சுற்றுப்புறத்திலோ பிடிபட்டது என்ற செய்தி உள்ளூர் நாளிதழ்களில் வழக்கமான ஒன்று. வாய்ச் செதிட்செல் புற்றில் எம்யூசி4 மோசமான முன்கணிப்புக் குறி என்று 2012இல் ககோஷிமாவின் ஹமதா குழு காட்டியிருக்கிறது. நிக்கோட்டினால் எம்யூசி4 உயரும் பாதை கணையச் செல்லில் காட்டப்பட்டதே தவிர வாய்ச் செல்லுக்கு அதை அப்படியே பெயர்த்துவிட முடியாது. கன்னத்தின் உட்புறச் செல்கள் எளிதில் வழித்தெடுக்கக் கூடியவை என்பதால் மூன்றில் சோதிக்க எளிதானதும் இதுவே.

இரண்டாவது குரோமியம். உலோக உதிரிப்பாகத் தொழில் உள்ள எந்த ஊரிலும் முலாம் பூசும் பட்டறைகள் இருக்கும். அவற்றின் தொட்டிகளில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும். அது மனிதருக்குப் புற்றூக்கி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1990இல் வகைப்படுத்தியது. நியூயார்க்கின் மாக்ஸ் கோஸ்டா குழு 2009இல், இந்தக் குரோமியம் நுரையீரல் செல்களில் ஜி9ஏ நொதியைக் கூட்டி, ஹெச்3இன் 9ஆம் இட லைசினை மெத்திலேற்றி, எம்எல்ஹெச்1 என்னும் பழுதுநீக்கும் மரபணுவை அணைப்பதைக் காட்டியது. எம்யூசி1, எம்யூசி4 ஆகியவற்றை அடைக்கும் அதே ஹிஸ்டோன் இடம்தான் இது. இந்த ஒற்றுமையிலிருந்து 'குரோமியம் மியூசினை மாற்றுகிறது' என்று தாவுவது அவசரம். சோதிக்கத் தகுந்த கருதுகோள் என்ற அளவில் நிறுத்துவதே முறை. அதிலும் ஒரு முரண் காத்திருக்கிறது: அந்த இடம் மெத்திலேறினால் எம்யூசி1 அணையவேண்டும், ஆனால் நுரையீரல் புற்றில் எம்யூசி1 பொதுவாக உயர்ந்தே இருக்கிறது.

மூன்றாவது கிரானைட் அறுக்கும்போதும் துளையிடும்போதும் எழும் சிலிக்காத் தூசி. அதையும் அதே முகமை 1997இல் புற்றூக்கியாக வகைப்படுத்தியது. தூசியின் எரிச்சலால் மூச்சுக்குழலில் எம்யூசி5ஏசி பெருகுவது முதன்மையாகச் சைகைப் பாதைகளின் வேலை. எபிஜெனெடிக் பிடிப்பு அரிதான மரபணு அது என்பதை லில் ஆய்வு ஏற்கெனவே சொல்லிவிட்டதால், மெத்திலேற்றம் தேடுவோர் குவாரித் தொழிலாளரின் கோழையில் அதிகம் எதிர்பார்க்கலாகாது.

இங்கிருந்து நோயாளிகள் செல்லும் வழி மாநில எல்லையைக் கடக்கிறது. பெங்களூருவின் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் 1973இலிருந்து இயங்குகிறது. பொம்மசந்திராவின் தனியார் மருத்துவமனைகள் அதைவிடவும் பக்கம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. முதல் பயாப்சி ஓசூரில் எடுக்கப்பட்டால், அந்தத் திசு பார்மலினில் பதமாகி, பாரஃபின் மெழுகில் பதிந்து, சிறு பிளாஸ்டிக் கூட்டில் எண் எழுதப்பட்டு நிற்கும். மேல்சிகிச்சைக்குப் போகும்போது 'பிளாக்கும் ஸ்லைடும் வாங்கிட்டு வாங்க' என்று சொல்லி அனுப்புவார்கள். குடும்பத்தினர் அதைக் காகித உறையில் போட்டு, எக்ஸ்ரே படங்களோடு சேர்த்து எடுத்துச் செல்வார்கள். பலநேரம் அது திரும்பி வருவதில்லை. மெத்திலேற்ற ஆய்வுக்கு வேண்டிய கச்சாப்பொருள் அந்த மெழுகுக் கட்டிதான். பார்மலினில் திசு அதிக நாள் கிடந்தால் டி.என்.ஏ. சில நூறு எழுத்துகள் நீளமுள்ள துணுக்குகளாகச் சிதறும். பைசல்பைட் மேலும் சிதைக்கும். எனவே இப்படிப்பட்ட மெழுகுக் கட்டிகளில் நீண்ட தொடக்கிப் பகுதி முழுவதையும் படிக்க முயல்வதைவிட, ககோஷிமா, லில் குழுக்கள் சுட்டிய சில சிபிஜி இடங்களைக் குறுந்துண்டுகளாகப் படிப்பதே நடைமுறைக்கு உகந்தது. வெட்டிய சீவலில் புற்றுச் செல், அழற்சிச் செல், நார்த்திசு எல்லாம் கலந்திருக்கும் என்பதால், ஆல்சியன் நீலம் ஏற்றி அமில மியூசின் நீலமாகத் தெரியும் பகுதியை அடையாளம் கண்டு, அங்கிருந்து மட்டும் செல்களைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் கிடைக்கும் 'பாதி மெத்திலேற்றம்' என்ற முடிவு, பாதிச் செல்கள் முழுக்க மெத்திலேறியவை என்பதையும் குறிக்கலாம், எல்லாச் செல்களிலும் பாதி ஏறியது என்பதையும் குறிக்கலாம்.

பதிவேட்டுக் கணக்கிலும் எல்லை குறுக்கிடுகிறது. பதிவேடுகள் நோயாளியைச் சிகிச்சை பெற்ற ஊரில் அல்ல, குடியிருக்கும் ஊரில் எண்ணுகின்றன. அதுவே சரியான முறை. ஆனால் ஓசூர் ஆலைகளில் வேலைசெய்வோரில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். நோய் வந்தால் சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்கள். மெத்தில் அடையாளங்கள் சேர்வது ஆண்டுக்கணக்கில் நடப்பது. முலாம் தொட்டியருகே பத்தாண்டு நின்றவரின் புற்று, அவர் பிறந்த மாவட்டத்தின் கணக்கில் ஏறினால், வெளிப்பாட்டுக்கும் அடையாளத்துக்குமான தொடர்பு அறுந்துபோகிறது. எனவே இங்கே செய்யப்படும் எந்த ஆய்வும் முகவரியோடு வேலை வரலாற்றையும் கேட்டுப் பதிய வேண்டியிருக்கும். பீடி, சிகரெட் பழக்கத்தைப் பொறுத்தமட்டில் ஒரு துணைச் சாட்சி கைவசம் உண்டு. ஏஹெச்ஆர்ஆர் மரபணுவின் ஒரு குறிப்பிட்ட சிபிஜி இடம் புகைப்போரின் ரத்தத்தில் மெத்தில் இழப்பதும், பழக்கத்தை விட்டபின் மெல்லத் திரும்புவதும் 2011க்குப் பின் பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது. நோயாளி சொல்லும் கணக்கை அந்த ஒரு ரத்தத்துளியோடு ஒத்துப்பார்த்த பிறகே, அவருடைய கட்டியின் எம்யூசி4 நிலையைப் புகையோடு சேர்த்துப் பேச முடியும்.